மறுத்தவர் ஒருவர்

கம்பம்
20.1.2024

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் கோபம்.

போனில் பேசினால் வேலை இருக்கிறதென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

பொங்கலுக்கு வந்தபோது உன் அண்ணன் மகள் மாரீஸ்வரியின் வாயைத் திறந்து பார்த்தாய். கடைவாய்ப் பால்பல்லில் உள்சதை வரை சொத்தை என்றாய். உன் பல் மருத்துவ மேற்படிப்பு ஆய்வில் அவளைச் சேர்த்தால், கெட்ட சதையை எடுத்துவிட்டு இரண்டு மருந்தில் ஒன்றை வைப்பீர்களாம். எதுவென்று, குலுக்கல் சீட்டு மாதிரி, மூடிய உறைக்குள் இருப்பது சொல்லுமாம். நீ கொடுத்த ஆய்வுத் தாளை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்துப் பார்த்தேன். பழைய மருந்தில் ஃபார்மலின் இருக்கிறது. நம் பட்டுப்புழு மனையைக் கழுவுகிற அதே ஃபார்மலின்! கழுவிய அன்று என்னால் கண்ணைத் திறக்க முடியாது. அதைப் பிள்ளை வாயிலா வைப்பது?

சிமெண்ட் போல இறுகும் புது மருந்தையே அவளுக்கு வை. சொந்த அத்தை இருக்கும்போது உறை எதற்கு? முடியாதென்றால் பிடுங்கிவிடு. விழுகிற பல்தானே.

அப்பா,
சுந்தரலிங்கம்

மதுரை
28.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு முளைக்கிற பல் கோணலாக வரும்.

மனைக்கு நீங்கள் வாளிக்கணக்கில் ஊற்றுகிறீர்கள். இங்கே பஞ்சில் தொட்டு, பிழிந்து, ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிடுவோம். உங்கள் சந்தேகம் எங்களுக்கும் உண்டு. அதனால்தான் ஒப்பிடுகிறோம். நம் பிள்ளைக்கு மட்டும் நானே ஒன்றைத் தேர்ந்து வைத்தால் அது ஆய்வே இல்லை. உறையை ஒதுக்கச் சொல்லாதீர்கள் அப்பா.

சேரமாட்டோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னால் என் சீனியர் விஜி அக்கா, ஆய்வுக்கு வெளியே புது மருந்தை வைப்பார்.

அன்பு மகள்,
வேல்விழி

கம்பம்
11.2.2024

வேல்விழிக்கு,

சேரவில்லை. டாக்டர் விஜி புது மருந்தே வைத்தார்கள். மாரீஸ்வரி வரும் வழியிலேயே முறுக்குக் கேட்டாள்.

ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில், மகனை ஆய்வில் சேர்க்க வந்திருந்த வருசநாட்டு அக்கம்மாள் உன்னிடம், "டாக்டர் வீட்டுப் புள்ளைக்கு வச்சாகளே, அதையே எம் மகனுக்கும் வைங்க தாயி" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "எது நல்லதுன்னு எனக்கே தெரியலக்கா. எங்கப்பா பயந்துட்டாக." பின்னால் நான் நின்றதை நீ பார்க்கவில்லை.

நான் பயந்தேனா? ஒரு மருந்தைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்றேன். அதைப் பயம் என்று ஊராரிடம் சொல்கிற மகளுக்கு இனி நான் எழுதுவதாக இல்லை.

சுந்தரலிங்கம்

கம்பம்
9.11.2025

அன்பு மகள் வேல்விழிக்கு,

நீ அனுப்பிய ஆய்வுப் புத்தகம் வந்தது. பத்து நாளாக அகராதியும் கையுமாக இருந்தேன். ஒரு வருடத்தில் இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு வருடம் போதாது. அந்தப் பற்கள் விழும்வரை பார்த்துவிட்டுச் சொல்.

எத்தனை பிள்ளைகளைக் கேட்டீர்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மருந்தின் மேல் ஆட்சேபம் தெரிவித்து மறுத்த குடும்பம்: ஒன்று. பயந்தவர் என்று எழுதவில்லை. விட்டுவிட்டும் போகவில்லை.

அந்தப் பக்கத்தை டீக்கடைக்கு எடுத்துப் போனேன். தங்கபாண்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன மாமா, பட்டம் மகளுக்கா, உமக்கா?"

"அவளுக்குத்தான்டா. பெத்த அப்பனே வேண்டாம்னு சொன்னத ஒளிக்காம போட்டிருக்கா பாரு. அவ எழுதுன மத்ததையும் நம்பலாம்டா" என்றேன்.

பட்டமளிப்புக்கு வருகிறேன். அந்த ஃபார்மலின் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.

உன் அப்பா,
சுந்தரலிங்கம்