மூன்றாம் வகுப்பின் சத்தமில்லாத பாட்டு

மே 2, சனிக்கிழமை
கடற்கரைத் தொடக்கப் பள்ளி, அக்ரா

அன்புள்ள அக்வெலே அக்காவுக்கு,

ஜூன் ஐந்தாம் தேதி எங்கள் பள்ளி விழாவுக்கு நீங்கள்தான் சிறப்பு விருந்தினர், பள்ளியில் சொல்லியாகிவிட்டது, உங்களுக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது!

திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

என் பெயர் யாய்ரா. சொந்த ஊர் ஹோ. கல்லூரி முடித்ததும் ஒரு வருஷ நாட்டுச் சேவைக்கு இந்தக் கடலோரத்துக்கு அனுப்பினார்கள். வந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள். பாட்டுப் பீரியடை எடுக்க ஆளில்லாமல் கிடந்தது, கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் யாரிடமும் இசை படித்ததில்லை. ஒரு கைப்பேசி, அதில் உங்கள் முப்பத்தொரு வீடியோக்கள், அவ்வளவுதான். படகுப் பாட்டு வீடியோவை மட்டும் இருநூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன்.

அந்தப் படகுப் பாட்டைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெயிண்ட் வாளி, தக்காளி டின், கரண்டி. பாதி வகுப்பு "படகு எங்கே?" என்று கேட்கும். கேட்டவர்கள் இரண்டு தட்டு சும்மா விட வேண்டும். அந்த இரண்டு தட்டில் மற்ற பாதி "அலைக்கப்பால்!" என்று பதில் சொல்லும். எல்லாம் சரியாகத்தான் போகும், லார்யே என்று ஒருவன் இல்லாவிட்டால். கேள்வி முடிவதற்குள் அவன் வாளி பதில் சொல்லிவிடும்.

தலைமை ஆசிரியை மேடம் ஒவுசுவா முந்தாநாள் ஜன்னலில் வந்து நின்றார்.

"இது வகுப்பறையா, மீன் சந்தையா?"

"பாட்டுப் பீரியட், மேடம்."

"மத்தப் பள்ளிக்கூடமெல்லாம் கணக்குல எங்கேயோ போயிட்டாங்க. நீ வாளியைத் தட்டிக்கிட்டு இருக்கே. விழா வரைக்கும் விடறேன். இந்தப் பீரியட் எதுக்குன்னு பெத்தவங்க முன்னாடி காட்டு. இல்லேன்னா விழா முடிஞ்ச திங்கக்கிழமையே அது கணக்குப் பீரியட்."

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது: "விழாவுக்கு அக்வெலே அக்கா வர்றாங்க, மேடம்."

வருவீர்கள்தானே? வாரத்துக்கு வெறும் ஒரு பீரியட்தான். ஆனால் அது போனால் லார்யே பள்ளிக்கே வர மாட்டான்.

உங்கள் முதல் ரசிகை (வேறு யாராவது முதல் என்று சொன்னால் சண்டைக்கு வருவேன்),
யாய்ரா


மே 6
குமாசி

யாய்ராவுக்கு,

வர மாட்டேன்.

வீடியோ போடுவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் வாயைத் திறந்தாலும் பாட்டு வராது, எனக்கு அது நிம்மதி. என்னைக் கேட்காமல் என் பெயரைச் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? உன் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடு.

இன்னொன்று. ஜூன் ஐந்தாம் தேதி வாளி தட்டப்போகிறாயா? இந்த மாதம் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை உங்கள் ஊரில் தடை தொடங்குகிறது. சோளம் விதைத்துவிட்டு அது முளைக்க நிலத்துக்கு அமைதி கொடுக்கிற மாதம். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி பூசாரி முதல் முழவைத் தட்டும்வரை முழவு கிடையாது, வாளி கிடையாது, கைத்தட்டல்கூடக் கிடையாது. வெளியூர்க்காரி உனக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். நான் பிறந்தது உன் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி.

அக்வெலே


மே 13

அக்கா,

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

தடை மாதம் என்றால் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் போய், "ஏன் எனக்கு யாருமே சொல்லலை?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் சோற்றுத் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை. "சூரியன் கிழக்கால வரும்னும் உனக்கு நாங்க சொல்லலையேம்மா."

விழாத் தேதியை மாற்ற மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. "பேச்சுக்கும் பரிசுக்கும் முழவு எதுக்கு?" என்கிறார். நீங்கள் வரவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். "அதை நான் நம்பவே இல்லையே" என்றார். அதுதான் ரொம்ப வலித்தது.

வாளிகளை அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. பிள்ளைகளுக்கோ கை கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை லார்யே பென்சிலால் மேஜையை ஒரே ஒரு தட்டுத் தட்டினான். நாற்பத்திரண்டு பேரும் ஒன்றாக "ஷ்ஷ்ஷ்!" என்றார்கள். அந்த "ஷ்ஷ்" தெருமுனை வரை கேட்டது.

இனிமேல் சொல்லப்போவது வேறு விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளி வாசலில் ஒரு அம்மா சோளக் கென்கே உருண்டையும் பொரித்த மீனும் விற்கிறார். நேற்று இடைவேளையில் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று உதட்டளவில் படகுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். லார்யே வழக்கம்போல முந்திக்கொண்டான். அவர் சோளத் தோலை உரித்தபடியே சொன்னார்:

"டேய், அங்க விடு. அது அவளோட இடம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அக்கா! வீடியோவில் நீங்கள் ஓரமாகக் கையைக் காட்டிச் சொல்வீர்களே, அதே வார்த்தை. அந்த ஓரத்திலிருந்து, படத்தில் வராத ஒருவர் "அலைக்கப்பால்!" என்று பதில் சொல்வாரே, அதே குரல்! இருநூறு தடவை கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பெயர் கேட்டேன். அக்குவோர்க்கோ என்றார். இங்கே ஒரு வீட்டில் அக்வெலே என்று பெயர் வைத்தால் கூடப் பிறந்த அக்குவோர்க்கோ ஒருத்தி இருந்தே தீர வேண்டும், இரட்டைப் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்தப் பெயர்கள். இது என் மரமண்டைக்கு இவ்வளவு நாள் உறைக்கவே இல்லை.

"உங்க அக்காவோட ரசிகை நான்" என்றேன்.

"அப்படியா? மீன் வேணுமா, வேணாமா?" என்றார்.

பதினெட்டாவது வீடியோவிலிருந்து அந்தக் குரல் ஏன் இல்லை?

யாய்ரா


மே 17

யாய்ரா,

அவளிடம் என் பெயரை எடுக்காதே. ஒரு தடவைதான் சொல்வேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அவள் குரலை வெட்டி எடுத்தது நான்தான். வீடியோவுக்குப் பணம் போட வந்தவர்கள் ஒரு முகமும் ஒரு குரலும் போதும் என்றார்கள். அவள் பதில் சொல்கிற இடத்தில் கம்ப்யூட்டர் கைத்தட்டலைப் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. எல்லாரையும் போல அவளும் கைப்பேசியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அப்படியே பதினான்கு வீடியோ போட்டேன். ஒன்றிலும் அந்தக் கைத்தட்டல் தாளத்தில் உட்காரவில்லை. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. நிறுத்திவிட்டேன். போதுமா?

இப்போது உன் பிள்ளைகள் விஷயம். இதற்காக மட்டும்தான் எழுதுகிறேன்.

கையைக் கட்டிக்கொள்ளச் சொல். செருப்பில்லாமல் மணலுக்குக் கூட்டிப் போ. கேள்விக்கு நான்கு அடி நடக்கட்டும். பதில் வருகிற இரண்டு தட்டுக்கு அப்படியே நிற்கட்டும். உதடு அசையலாம், குரல் வரக்கூடாது. நடப்பதை நாய்க்குட்டிகூடச் செய்யும், நிற்பதுதான் தாளம். முதல் வாரம் எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் முட்டி விழுவார்கள், பயப்படாதே. லார்யேயைப் பின்னால் ஒளிக்காதே. முதல் ஆளாக நிறுத்து. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் முதுகே அவனைப் பிடித்து நிறுத்தும்.

அவளுக்கு வலது முழங்கால் வலி இருந்தது. இப்போது எப்படி இருக்கிறது? இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

எழுதினால் படிப்பேன்.

அக்வெலே


ஜூன் 5, விழா முடிந்த கையோடு

அக்கா அக்கா அக்கா,

நாற்பத்து மூன்று பேர், ஒரு சத்தம் இல்லை!

முற்றத்து மணலில் நடந்தது. முந்நூறு பேராவது வந்திருப்பார்கள். பூசாரி வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கட்டிய இரண்டு பேர் வாசலிலேயே காவல் நின்றார்கள், இந்தப் பள்ளியில் ஒரு பைத்தியக்கார டீச்சர் இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மேடம் ஒவுசுவா முன்வரிசையில் மேஜை போட்டு, பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பரிசுப் பட்டியலுக்குப் பக்கத்தில் புதிய கால அட்டவணை. பாட்டுப் பீரியட் இருந்த கட்டத்தில் "கணக்கு" என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன்.

லார்யே முதலில் வந்தான். நான்கு அடி. உதடு மட்டும்: படகு எங்கே? நின்றான். அக்கா, அவன் நின்றுவிட்டான்! பின்னால் எல்லாரும் நின்றார்கள். இரண்டு தட்டு, ஒன்றுமே இல்லை. மறுபடி நான்கு அடி. மீன் எங்கே? நின்றார்கள். மூன்றாவது தடவை பார்த்தால் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாருக்கும் உதடு அசைகிறது. ஒரு மீனவர் மடியில் வைத்திருந்த கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முந்நூறு பேருக்கும் உடம்பு துடிக்கிறது, யாரும் அசையவில்லை.

ஐந்தாவது கேள்வி. நின்றார்கள். அந்த இடைவெளியில்,

டக். டக்.

சரியாக இரண்டு தட்டு. மேடம் ஒவுசுவாவின் பேனா!

வெள்ளைத் துணிக்காரர் ஒருவர் மெதுவாக முன்னால் வந்தார். "மேடம்," என்றார், ரொம்ப மரியாதையாக, "தடை நடக்குது."

ஊரே சிரிப்பை அடக்கத் துணியை வாயில் திணித்துக்கொண்டது. மேடம் தன் பேனாவை யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்த பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு அடி நடந்து, நின்று, பாட்டை முடித்துவிட்டுத்தான் சிரித்தார்கள்.

பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார். "இதை எப்படி வாங்கினே அந்தப் பையன்கிட்ட? ஒரு நிமிஷம் வாயை மூட வைக்க மூணு வருஷமா என்னால முடியலை." நான் பதில் சொல்வதற்குள் அட்டவணையில் "கணக்கு" என்பதை அதே பேனாவால் அடித்துவிட்டு "பாட்டு" என்று எழுதினார். "ஆனா தடை எடுத்ததும் சத்தத்தோட ஒரு தடவை கேக்கணும். இன்னும் என் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. இப்போது உண்மையாகவே கூப்பிடுகிறேன், முதலில் உங்களிடம் கேட்டுவிட்டு.

உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை, சத்தியம். உங்கள் தங்கை தானாகத்தான் கேட்டார். "மணல்ல நடக்க வைக்கறது உன் யோசனையா?" இல்லை என்றேன். அடுப்பை ஊதினார். அப்புறம், "என் இடத்துல மெஷினை வச்சா. அவளே வந்து கேட்டா பதில் சொல்லுவேன். மெஷின் கேட்டா மெஷினே சொல்லிக்கட்டும்" என்றார்.

முழங்கால் மழைக்கு வலிக்கிறதாம்.

யாய்ரா


ஜூன் 9
குமாசி

யாய்ரா,

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்! பல் டாக்டரிடம் லீவு கேட்டபோது என் விரல் அவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்ததாம். "உடனே போயிட்டு வாம்மா" என்றார்.

அந்தப் பதினான்கு வீடியோக்களையும் நேற்று நீக்கிவிட்டேன். கைத்தட்டல் இனி எங்கும் இல்லை. அவளிடம் இதைச் சொல்லாதே, நான் சொல்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் கொண்டுவருகிறேன், அதையும் சொல்லாதே. லார்யேயிடம் மட்டும் சொல், அவன் பக்கத்தில்தான் நிற்பேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நான் கேட்டு, அவள் பதில் சொல்லாமல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால்? பரவாயில்லை. பிள்ளைகளைப் போல நிற்கிறேன்.

கீழே இருப்பதை என் வீடியோ பக்கத்தில் போட்டாயிற்று. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் செய்தி. நீ பள்ளிக் கதவில் ஒட்டிவிடு.

உன் அக்கா,
அக்வெலே

எல்லாருக்கும்! வியாழக்கிழமை பூசாரி முழவைத் தட்டுகிறார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடற்கரைத் தொடக்கப் பள்ளி முற்றத்துக்கு வாருங்கள். வாளி, டின், கரண்டி, பேனா, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். மூன்றாம் வகுப்பும் நானும் படகைக் கேட்கப்போகிறோம். அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொல்லுங்கள், ஒருத்தர் விடாமல் கூட்டி வாருங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடுங்கள். கேள்விக்கு அப்புறம் வருகிற அந்த இரண்டு தட்டை மட்டும் யாரும் தொடாதீர்கள். அது அவளோட இடம்.