வரம்பில் கட்டிய துவக்கு

மாவடிப்பள்ளி

அன்பின் கணவர் ஜெமீல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் குறைந்ததா? மட்டக்களப்புச் சிறைக்கு உங்களைப் பார்க்க வந்த உங்கள் மூத்த சகோதரர் ஜவாத் காக்கா, நீங்கள் நன்றாக மெலிந்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு சாரனும் ஒரு போர்வையும் அவரிடம் கொடுத்தனுப்பினேன். கிடைத்திருக்கும்.

இந்தக் கடிதத்தை உங்களிடம் தருமுன் சிறையதிகாரிகள் படிப்பார்கள், பார்த்து எழுது என்று ஜவாத் காக்கா எச்சரித்தார். பார்த்துத்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

வெள்ளாமை வெட்டி முடிந்துவிட்டது. காட்டுப்பண்டி உழக்கிய மூலையைத் தவிர மற்றப் பக்கம் நல்ல விளைச்சல். அடுத்த வயலில் துசாந்தின் வெள்ளாமையைக் காரைதீவிலிருந்து அவனுடைய மச்சினன்மார் வந்து வெட்டினார்கள். நம் வயல் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரக்காரருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன நான், அவர்களுக்கும் கொடுப்பதா விடுவதா என்று தெரியாமல் வரம்பில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

துசாந்தின் மரணத்தைப் பற்றி நீங்களும் நானும் இதுவரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொலிஸ் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போனபோதும் அடையாள அட்டை எங்கே என்றுதான் கேட்டீர்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

பண்டி இறங்கும் தடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுத்து, அந்தக் குழாய்த் துவக்கைக் கட்டினீர்கள். கம்பியில் எது தட்டினாலும் வெடிக்கும். நான் பயப்பட்டபோதெல்லாம், "விடியமுன்ன கழட்டிருவன் புள்ள, நீ பேசாம இரி" என்றீர்கள். ஆயுதம் வைத்திருப்பவர்கள் தண்டனையில்லாமல் ஒப்படைக்கலாம் என்று அரசாங்கம் தவணை கொடுத்தபோது, கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "பண்டிக்கும் தவணை குடுத்திருக்காங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அந்தப் பகிடியைக் கடைத்தெருவிலும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அன்று மழை. விடிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு, மழை விட்டதும் கழற்றலாம் என்று திரும்பவும் படுத்துக்கொண்டீர்கள். துசாந் மழையென்று பார்க்கவில்லை. வாய்க்கால் பெருகியிருக்கும் என்று வயலுக்கு வந்துவிட்டான். செய்தி கேட்டு நான் ஓடிப்போனபோது அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கண்டது அவனுடைய மண்வெட்டியைத்தான். உடைப்பெடுத்திருந்தது அவனுடைய வரம்பல்ல, நம்முடைய வரம்பு. பாதி உடைப்பை அவன் மண் வெட்டிப் போட்டு அடைத்திருந்தான். மிச்ச மண்ணுக்காக நகர்ந்தபோதுதான் கால் கம்பியில் பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே மவுத்தாகிவிட்டான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் நீங்கள் சொல்லியனுப்பிய கதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து ஜவாத் காக்கா எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். துசாந் கள்ளமாகப் பண்டி வேட்டைக்கு வந்தவனாம். துவக்கு அவனுடையதாம். தவறி வெடித்ததாம். எங்கள் வீட்டில் துவக்கே இருந்ததில்லை என்று நான் கோட்டில் சொல்ல வேண்டுமாம். "இது ஒங்கட தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவன்தான் சொல்லிவிட்ட" என்றார். நம் வீட்டில் எத்தனை நாள் நம்மோடு இருந்து சாப்பிட்டவன் துசாந்? மகளுக்கு மாங்காய் பறித்துக் கொண்டுவந்து தருவானே, அந்த நினைவு கூடவா உங்களுக்கு வரவில்லை?

ஊரில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் கோயில் நிர்வாகத்தாரும் கூடிக் கதைத்து, இரண்டு ஊருக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார்கள். நல்ல காரியம், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சண்டை வரவில்லை என்றதும் எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். துவக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருடைய வயலிலும் அது இருந்தது. அந்த ஊராருக்கும் இருந்தது, இந்த ஊராருக்கும் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை.

நான் தனியாகக் காரைதீவுக்குப் போய் அவனுடைய மனைவி உசாந்தினியைப் பார்த்தேன். வாசலில் நிற்கவைத்துத்தான் கதைத்தாள். அழவில்லை. "அக்கா, என்ட மனிசனக் கள்ள வேட்டைக்காரன் எண்டு சொல்லப் போறீங்களாம். அவர் துவக்கத் தொட்டும் பாத்ததில்ல. உசிரத்தான் எடுத்திட்டீங்க. பேரையாவது விட்டு வைங்களன்" என்றாள். வெயிலில் நடந்து வந்திருக்கிறேன் என்று உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

போன கிழமை சிறுபோக வெள்ளாமைக்கான விவசாயிகள் கூட்டம் நடந்தது. இந்தக் காணி என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது, உறுதி என் பெயரில் இருக்கிறது. ஆகையால் நானே போனேன். தண்ணீர் திறக்கும் திகதியும் விதைப்புத் திகதியும் தீர்மானித்தார்கள். வேறு விஷயம் ஏதும் உண்டா என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி கேட்டார். நான் எழும்பினேன். கட்டுத்துவக்கு வைக்கிறவருக்கு அந்தப் போகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று தீர்மானம் எழுதுங்கள், பண்டிக்கு எல்லோரும் முறை வைத்துக் காவல் இருப்போம், சேதத்துக்கு நட்டஈடு கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போடுவோம் என்றேன்.

ஒரே சிரிப்பு. "பண்டி வந்தா நீ போய் விரட்டுவியா?" என்று ஒருவர் கேட்டார். நம் வயல்களுக்குத் தண்ணீர் பார்க்கும் வட்டவிதானை அப்துல் ஸமட் ஹாஜியார் கையைக் காட்டி என்னை அமர்த்தினார். "தங்கச்சி, ஒங்கட மாப்பிள்ளட கேஸ் கோட்டுல இரிக்கி. இதுகளக் கிளறப்படா. அந்தப் பொடியன் வேட்டைக்கு வந்து மவுத்தானவன்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருந்தால், நானும் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. "இல்ல ஹாஜியார், அது எங்கட ஊட்டுல இருந்த துவக்கு. என்ட மாப்பிள்ள கட்டின. துசாந் எங்கட வரம்பக் கட்ட வந்து செத்தவன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தீர்மானம் நிறைவேறியது. என் பேச்சுக்காக என்று நினைக்காதீர்கள். அதிகாரி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை எதிர்க்கிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். ஒருவருக்கும் பெயர் இருக்கவில்லை.

மறுநாள் சிலர் குழாயைக் கழற்றிப் பொலிஸில் கொடுத்தார்களாம். ஹாஜியார் தன்னுடையதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாராம். பண்டி வீட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறாரோ தெரியாது. சந்தியில் பொடியன்மார் துவக்கோடு எடுத்த படத்தை இன்னும் போனில் காட்டித் திரிகிறார்கள். கலியாண வீட்டில் பண்டி சுட்ட கதையை எடுத்தால் இன்னும் வட்டமாக இருந்து கேட்கிறார்கள். தண்ணீரை நிறுத்துவதற்குத் தீர்மானம் எழுதலாம். துவக்கு வைத்திருக்கிறவன்தான் ஆம்பிளை என்ற எண்ணத்தை எந்தக் கூட்டத்தில் வைத்து நிறுத்துவது?

ஜவாத் காக்கா வீட்டுக்கு வந்து வாசலில் நின்றே ஏசிவிட்டுப் போனார். சபியா உம்மா மாமி வந்து மகளை மடியில் வைத்துக் கொஞ்சினார். என்னிடம், "என்ட புள்ளைய உள்ளுக்குத் தள்ளினவ நீதான்" என்ற ஒரு பேச்சோடு போய்விட்டார். அவர் உங்களைப் பெற்றவர். அவர் சொல்லட்டும்.

வழக்கின் அடுத்த தவணையில் என்னைக் கூப்பிட்டால் கூட்டத்தில் சொன்னதைத்தான் கோட்டிலும் சொல்வேன். அதற்கு முன்பு நீங்களே சொல்லிவிடுங்கள். அவனைக் கொல்ல நினைத்து நீங்கள் கட்டவில்லை. அதுவும் உண்மை. அதையும் நான் சொல்வேன், என்னை யார் தடுத்தாலும் சொல்வேன். ஆனால் செத்தவன் கையில் நம் துவக்கைக் கொடுக்க என்னால் முடியாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மகளிடம் கேட்கிறார்களாம். முன்பெல்லாம் வாப்பா எப்போது வருவார் என்று என்னைக் கேட்பாள். இப்போது அதைக் கேட்பதில்லை. "வாப்பா கோட்டுல என்ன சொன்னாரு உம்மா?" என்றுதான் கேட்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு பதிலை உங்கள் நாவில் தரும்படி ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் அந்தத் தைரியத்தையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா,
சிபானா