கப்பல் போட்ட காசு

ஜனவரி 9

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், உன் மாமாவின் முதுகைத் தவிர. நாள் முழுக்க பஸ் ஓட்டினால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றால் அதற்கும் கோபம் வருகிறது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுகிறாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்துத்தானே ஆகணும்.

பழைய நாணயம் விற்கிற ஆன்லைன் கடை எப்படிப் போகிறது? மீன் தொட்டி பார்த்தாயிற்று, போன் கவர் பார்த்தாயிற்று, பனியனில் படம் அச்சடித்தும் பார்த்தாயிற்று. இதிலாவது ஊன்றி நில்லடா. உனக்கு ஒன்று என்றால் அக்கா இருக்கிறேன். ஆனாலும் நீ சொந்தக் காலில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்காதா?

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம். பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கிற நம் டீக்கடைக்கு ஒரு பெரியவர் தினமும் வருகிறார். மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். வந்ததும் நேரே சுவரில் இருக்கிற மீட்டரிடம் போய் எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் உட்காருவார். மீட்டர் ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். மனுஷருக்கு நினைவு வந்து வந்து போகிறது. டீயைக் குடித்துவிட்டு, எப்போதோ செல்லாமல் போன காசை எடுத்து நீட்டுகிறார். பழைய உண்டியல் எதையோ உடைத்திருப்பார் போல. செல்லாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அதனால் வாங்கிப் போட்டுக்கொண்டு மீதிச் சில்லறையும் கொடுத்து அனுப்புகிறேன். உன் மாமா என்னைத் தர்மப்பிரபு என்கிறார்.

உனக்கு ஆகுமா பார். ஒரே பச்சைப் பிசுபிசுப்பாக இருந்தது. எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தேய்த்தாயா? எலுமிச்சம்பழமா? அக்கா, பழைய காசில் காலம் படியவைத்த நிறத்துக்குத்தான் விலையே. அதைப் பளபளப்பாக்கினால் சேகரிக்கிறவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நீ தேய்த்த தேய்ப்பில் ராஜாவின் மூக்கும் மீசையும் ஒன்றாகிவிட்டன. நல்லவேளை, சிக்கியது நாலு செம்புக் காசுதான்.

அந்தப் பச்சைக்கெல்லாம் பயப்படாதே. பழைய பிளாஸ்டிக் ஆல்பத்தின் உறைக்குள் காசு வருஷக்கணக்கில் கிடந்தால், பிளாஸ்டிக் கசிந்து அப்படி ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க என்னிடம் ஒரு திரவம் இருக்கிறது. இனிமேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கு, பேப்பரில் சுற்று, அப்படியே அனுப்பு. உன் கைவரிசையெல்லாம் பாத்திரத்தோடு நிற்கட்டும்.

விலை ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு டீயும் பன்னும் தேறும். ஆனாலும் கடை நிறைந்து தெரியணும் இல்லையா, வருவதையெல்லாம் அனுப்பு. பெரியவரிடம் எதையும் கேட்டுக் குழப்பாதே, பாவம்.

மாமாவின் முதுகுக்கு ஒரு தைலம் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 11

என் செல்லத் தம்பிக்கு,

தைலம் வந்தது. வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது. ஆனால் முதுகு கேட்கிறது, உன் மாமா உன்னை வாழ்த்திக்கொண்டே படுத்திருக்கிறார். உன்னை அவர் வாழ்த்தி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நீ சொன்னபடி இந்தத் தடவை காசு எதையும் தேய்க்கவில்லை. கை துறுதுறுவென்று வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு டீயும் பன்னும் தேறும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் மீட்டர் ஐயாவுக்கு இப்போது டீயோடு பன்னும் சேர்த்துக் கொடுக்கிறேன். தர்மம் என்று நினைத்துக் கொடுத்ததற்கு விலை வருகிறது என்று தெரிந்த பிறகு சும்மா வாங்கினால் நன்றாகவா இருக்கும்? அவரும் பன்னை டீயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "உங்க ஃபிரிட்ஜ் ரொம்ப கரண்ட் குடிக்குதும்மா, கதவு ரப்பரைப் பாருங்க" என்றார். பார்த்தேன், நிஜமாகவே கிழிந்திருந்தது. ஊர் பேர் மறந்தாலும் மீட்டர் மறக்கவில்லை.

இந்தப் பொட்டலத்தில் கப்பல் போட்ட வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் பாய் விரித்த கப்பல். அதைக் கொடுக்கும்போது மட்டும் ஐயா கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "இதுக்கு மீதி வரும்ல?" என்று கேட்டார். வரும் என்று சொல்லிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். என்னவோ மனசு ஒரு மாதிரி இருந்தது. சரி, நீ பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை ராசியான கை! கடை சூடு பிடித்துவிட்டது. படம் எடுக்க ஒரு நல்ல விளக்கு வாங்கிவிட்டேன். முதுகு சாய்கிற நாற்காலியும் ஒன்று. இந்த மாத வாடகையை யாரிடமும் கேட்காமல் நானே கட்டினேன். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், உன் தம்பிக்கு அன்றைக்குத்தான் தோள் நிமிர்ந்தது.

கப்பல் காசு வந்தது. பரவாயில்லை ரகம்தான்.

உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். காலையில் கடை திறக்கும்போது போட்டுக்கொள். என் சம்பாத்தியத்தில் வாங்கியது. எத்தனை வருஷம் உன் பணத்தில் நான் சட்டை போட்டிருக்கிறேன்!

பெரியவர் வருகிறார்தானே? விடாதே.

உன் தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

நேற்று மீட்டர் ஐயாவின் மகள் கடைக்கு வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வேலைக்குப் போகிற உடுப்போடு அப்படியே வந்திருந்தாள். "தப்பா நினைக்காதீங்கக்கா, எங்கப்பா உங்ககிட்ட பழைய காசு ஏதாவது குடுத்தாரா?" என்று கேட்டாள்.

அது உண்டியல் காசு இல்லையடா. அவர் சம்பளம் வாங்க ஆரம்பித்த காலத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த ஆல்பம். மனசு கலங்கும்போதெல்லாம் மகள் அதை மடியில் வைப்பாளாம். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அப்படியே அமைதியாகிவிடுவாராம். இப்போது உறை எல்லாம் காலி. தானேதான் எடுத்துக் கொடுத்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. "யாரோ திருடிட்டுப் போயிட்டாங்க" என்று முதல் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அழுகிறாராம். அந்த முதல் பக்கத்தில் இருந்தது கப்பல் காசுதான். மகள் பிறந்த வாரத்தில் வாங்கினாராம்.

நான்தான் வாங்கினேன், என் தம்பிக்கு அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா குடித்த டீக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

இரவெல்லாம் யோசித்தேன். பச்சைப் பிசுபிசுப்பு ஆல்பத்து உறையில் இருந்து வருவது என்று ஜனவரியிலேயே எனக்கு எழுதினாய். நான் படித்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்கு ஆல்பம் என்றால் கல்யாண போட்டோ. உனக்குத் தெரியும். ஒருத்தர் ஆசை ஆசையாகச் சேர்த்தது நினைவு தப்பினவர் கையால் வெளியே போகிறது என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். தெரிந்துதானே "எதையும் கேட்காதே" என்று எழுதினாய்?

இல்லை என்று நீ எழுதினால் நான் நம்புவேன். காசு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பு.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இவ்வளவு கோபமாக எழுதி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் நிதானமாகக் கேள்.

ஆல்பத்தில் இருந்த காசு என்று தெரியும்தான். அவர் ஆல்பம் என்று எப்படித் தெரியும்? எங்கேயாவது பழைய சாமானோடு வாங்கியிருக்கலாம், யாராவது கொடுத்திருக்கலாம். நாமா போய்ப் பறித்தோம்? அவராகக் கொண்டுவந்து நீட்டினார். நீயும்தானே கை நீட்டி வாங்கினாய்? இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான்.

இப்போதுதான் தலை தூக்கியிருக்கிறேன். இதையெல்லாம் திருப்பிக் கொடுத்தால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கணும். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது பணம் கொடுத்துச் சரிக்கட்டலாமா? நீ பேசிப் பார். உன் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள்.

உன் தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

ஆமாம், நானும்தான் கை நீட்டி வாங்கினேன். அதனால்தான் காலையில் அவர் வந்து மீட்டர் படிக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு அவரிடம் ஆல்பத்துக் காசு இல்லை. ஒரு பட்டனை நீட்டினார். வாங்கிக்கொண்டு டீ கொடுத்தேன்.

பூசி மெழுகாதே. உன் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறேன். காசு வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன்.

உன்னை நான் வளர்த்தேன் என்று இதுவரை ஒரு தடவையும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்கிறேன். அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியைப் பத்திரமாகப் பிரி. உன்னிடமிருந்து வந்தது எல்லாம் இருக்கிறது. விற்றுப்போன காசை, வாங்கினவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, கூடக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். ஒருத்தர் என்னைப் பைத்தியம் என்றார். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் இல்லாத புது உறையில் போட்டிருக்கிறேன், இனிமேல் பச்சை வராது. நீ தேய்த்த நாலும் உள்ளே இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

கப்பல் காசு மட்டும் இல்லை. அது மார்ச் ஆரம்பத்திலேயே விற்று வெளிநாட்டுக்குப் போய்விட்டது. வாங்கினவருக்கு இரண்டு முறை எழுதினேன், தர மாட்டேன் என்கிறார். என்னால் ஆனது இவ்வளவுதான் அக்கா. என்னை மன்னித்துவிடு. ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்.

உன் தம்பி


மே 2

தம்பிக்கு,

உன் பெட்டியை வாங்கிப் பார்த்த அன்றைக்கு அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டேன். உன் மாமாவிடம், "பாருங்க, என் தம்பி வித்ததைக்கூடத் திரும்ப வாங்கி அனுப்பியிருக்கான்" என்று சொல்லிச் சொல்லி அவர் காதைத் தேய்த்துவிட்டேன்.

மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புது உறையோடு ஆல்பத்தில் வைத்தோம். ஐயா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் காலியாகத்தான் இருந்தது. வெளிநாட்டுக்குப் போய்விட்டதாம் என்று சொன்னேன். "பரவாயில்லக்கா, இவ்வளவு வந்ததே பெரிசு. உங்க தம்பி மாதிரி யார் திருப்பிக் குடுப்பா?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் அவளே தேடி வந்தாள். அப்பாவுக்குப் பகலில் துணைக்கு ஒரு ஆள் போடணுமாம். அலமாரியில் இன்னும் மூன்று டப்பா நிறையக் காசு இருக்கிறது, அதையெல்லாம் அவர் தேடுவதில்லை, உங்கள் தம்பி கடையிலேயே கொடுத்துவிடலாம், வேறு யாரையும் நம்ப மாட்டேன் என்றாள். நாளைக்கு விலாசம் தருகிறேன் என்றேன்.

உன் கடையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே. ராத்திரி உன் மாமாவின் போனில் திறந்து காட்டச் சொன்னேன். அவள் கேட்டால் நான் நாலு வார்த்தை சொல்லணும் அல்லவா. முதல் பக்கத்திலேயே இருந்தது கப்பல்.

வேறு காசாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் மாமா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தார். பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஆல்பத்துப் பச்சைக் கறை, எடுத்த பிறகும் லேசாகத் தெரியும். ராணியின் கன்னத்தில் மெல்லிய கீறல். விளிம்பில் ஒரு சிறு வெட்டு, அன்றைக்குப் பேப்பரில் சுற்றும்போது என் விரலில் நெருடிய அதே வெட்டு. எதையும் மறைக்கவில்லை, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று எழுதியிருந்தாய். அப்புறம் விலை. உன் மாமா அதைப் படித்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கத்தியிருப்பேன். நீ ஒரு காசுக்காகப் பொய் சொன்னாய் என்பதைவிட, நான் அதை அந்தப் பெண்ணிடம் போய் உண்மை என்று சொன்னேனே, அதுதான் ஆறவில்லை.

அவளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். டப்பாக்களுக்கு, அவள் வேலை செய்கிற மருந்துக் கடை முதலாளிக்குத் தெரிந்த வேறொரு வியாபாரியின் விலாசத்தை அவளே வாங்கிவந்தாள். அதையே வைத்துக்கொள் என்றேன். உன் கடையின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கப்பல் காசுக்கு நேற்று ஆர்டர் போட்டிருக்கிறேன். கடைக்குப் புது ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணத்தில் கட்டிவிட்டேன். பெயரும் விலாசமும் என்னுடையதுதான், பார்த்ததும் தெரிந்திருக்கும். பணத்தைத் திருப்பிப் போடாதே. உன் கடையில் வாங்குகிறவர்களிடம் நீ ஒரு கீறலைக்கூட மறைப்பதில்லை. நானும் வாங்குகிறவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

காசை மட்டும் பத்திரமாகக் கட்டி அனுப்பு. உள்ளே கடிதம் வைக்க வேண்டாம்.

அக்கா