பெண்கள் கூப்பிடும் சுற்று

வியன்னா, 1957 பிப்ரவரி 4
கையுறைக் கடையில் இன்று நிற்க இடமில்லை. நடன விழாக் காலம் வந்தால் ஊருக்கே புதிதாகக் கை முளைத்துவிடும் போலிருக்கிறது! மாடி வீட்டு ஹெர் வெஸ்ஸலியும் வந்தார். பாலம் கட்டுகிற என்ஜினியருக்கு வெள்ளைக் கையுறை எதற்கு? "சனிக்கிழமை ரொட்டிக்கடைக்காரங்க விழாவுக்கு வர்றேன். ஆனா ஆட மாட்டேன்" என்றார். அளவு பார்க்க அவர் கையைப் பிடித்தேன். கூட வேலை பார்க்கும் ரேஸி ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். சனியன்.

பிப்ரவரி 8
முடிவு செய்துவிட்டேன். விழாவில் ஒரு சுற்று பெண்களுடையது. நாம் போய் ஆணை ஆடக் கூப்பிட வேண்டும். எந்த ஆணும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. வருஷக்கணக்காக ஹெர் வெஸ்ஸலியோடு படிக்கட்டில் "வணக்கம், குளிர் ஜாஸ்தி" என்பதோடு சரி. நாளைக்கு நானே கூப்பிடுவேன். முப்பத்தாறு வயசில் இது என்ன கூத்து!

பிப்ரவரி 10
கூப்பிட்டேன்! பெண்கள் சுற்றுக்கு மணி அடித்ததும் ஓடினேன் — நிஜமாகவே ஓட்டம்தான். மனுஷர் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். "ஃப்ராய்லைன் ஹெர்மினே, உங்க காலை மிதிச்சிடுவேன்."
"மிதிங்க."
மிதித்தார். வலிக்கவே இல்லை!
வாசலில் கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "லின்ஸ்ல வேலை. நேத்து மத்தியானம்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை கிளம்பறேன்."
பாவி மனுஷா, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?

பிப்ரவரி 13
மாடியில் பெட்டி இழுக்கிற சத்தம். இருங்க என்று நான் சொல்லவில்லை, வாங்க என்று அவர் சொல்லவில்லை. என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு! ரேஸியிடம் அழுதுவிட்டேன். "அவரே கேக்கட்டும்டி. உன் சுற்று அன்னிக்கே முடிஞ்சுபோச்சு" என்றாள்.
முடிந்துவிட்டதா? யார் சொன்னது?

பிப்ரவரி 16
ரயிலடிக்குப் போனேன். தொப்பி கூட இல்லாமல். அவர் ஜன்னலில் நின்றார். "ஹெர் வெஸ்ஸலி, லின்ஸ்ல கையுறைக் கடை இருக்கா? ஆள் எடுப்பாங்களா?"
முகம் சிவந்து போச்சு மனுஷருக்கு. தொப்பியைக் கழற்றினார், போட்டார், திரும்பக் கழற்றினார். "விசாரிக்கிறேன்" என்றார். வண்டி நகர்ந்ததும் கழுத்தை நீட்டி, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "இன்னிக்கே விசாரிக்கிறேன்!"


லின்ஸ், மே 5
கல்யாணமாகி முதல் சண்டை. உருளைக்கிழங்கு சாலட்டில் சர்க்கரை போட்டேனாம். அவர்கள் வீட்டில் யாரும் போட மாட்டார்களாம். காலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சமையலறையில் கிண்ணத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு மிச்சம் வைப்பாரா, தெரியவில்லை.