ராஜினாமா யாரைக் கேட்டு?

சித்திரை 9, செவ்வா

வெயில் மண்டையப் பொளக்குது. காலையில கம்பெனியில பீங்கான் யானைப் பொம்மை அச்சுல களிமண் கலவை ஊத்துற வேலை. கை நடுங்கி வெளிய வழிஞ்சிடுச்சு. சூப்ரவைசர் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா மிச்சத்த அவரு தலையிலயே ஊத்தியிருப்பேன்.

அரை நாள் லீவு. பக்கத்து ஊரு ஆஸ்பத்திரி. குடிய விட்டவங்களுக்குக் கவுன்சிலிங் இருக்குதாம். வாட்ச்மேன்கிட்ட மெதுவாத்தான் கேட்டேன். அந்தாளு ஊருக்கே கேக்குற மாதிரி, "குடிய நிறுத்தறதுக்கா? பின்னாடி போ, கடைசி ரூமு!" பிரசவ வார்டு வாசல்ல இருந்த அத்தனை பொம்பளைங்களும் திரும்பிப் பாத்தாங்க. நல்லா இருடா சாமி.

ரூமு பூட்டு. மேடம் வியாழக்கெழமதான் வருவாங்களாம். அதுவரைக்கும் குடிக்கணும்னு தோணாம இருக்கணும், அவ்ளோதான்.

திரும்பி வர்ற வழியில பிராந்திக் கடை. அது தெறந்திருக்குது. அதுக்கு என்னைக்கு லீவு? கடலை மிட்டாய் ஒண்ண வாயில போட்டுக்கிட்டு எதிர் சைடுல நடந்தேன்.

மோட்டருக்கு வாசர் வாங்கணும். மறந்துட்டேன்.

சித்திரை 11, வியாழன்

காத்தே இல்ல. மறுபடியும் லீவு, மறுபடியும் சூப்ரவைசர் மூஞ்சி.

மேடம் சின்னப் பொண்ணு. நல்லாத்தான் பேசுச்சு. "பொங்கலுக்கு அப்புறம் தொடவே இல்லையா சார்? சூப்பர்!" சூப்பராம். சாயங்காலமானா நாக்கு வறண்டு, சட்டை நனைஞ்சு, யாரப் பாத்தாலும் அடிக்கலாம்னு வருது. இதுல என்ன சூப்பர்?

"கோவம் வந்தா ஒரு நோட்டுல எழுதுங்க சார்."

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம். அதுலயும் கோவம்தான் வருது."

சிரிச்சுச்சு. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல.

ஒரு நம்பர் குடுத்தாங்க. வேப்பூர்ல ஞாயித்துக்கெழம சாயங்காலம் மீட்டிங். குடிய விட்டவங்களே கூடிப் பேசுறது. ஒரு டியூசன் சென்டர் மாடி. காசு வேணாம், பேரு கூடச் சொல்ல வேணாம்.

சுமதிகிட்ட சொன்னேன். அடுப்பு முன்னாடி நின்னவ திரும்பவே இல்ல. "அது குடிகாரங்க போற எடம். நீங்க எதுக்கு?"

பொண்டாட்டிக்கே நான் யாருன்னு தெரியல.

சித்திரை 14, ஞாயிறு

மேகம் போட்டு ஏமாத்திட்டுப் போயிடுச்சு. வேப்பூர் பஸ்ஸுல நின்னுக்கிட்டே பயணம்.

டியூசன் மாடியில பத்தாவதுப் பசங்களுக்கு ஸ்பெசல் கிளாஸு. "மீட்டிங்கா? இங்க அதெல்லாம் இல்லையே அங்கிள்." நம்பருக்கு அடிச்சேன், அடிச்சேன், எடுக்கல. கீழ பரோட்டாக் கடை. அதுக்கு அடுத்தது எதுன்னு எழுதணுமா?

அங்கயே நின்னேன். ரொம்ப நேரம். யாராவது ஒருத்தன் "வாண்ணே"ன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததுக்கு அப்புறம் அந்த நம்பருல இருந்து போன் வருது. கோவிந்தனாம், முன்னாடி லாரி ஓட்டுனவராம்.

"மன்னிச்சிடுங்க தம்பி. எடம் மாறிடுச்சு. பாலத்துக்குக் கீழ மெக்கானிக் ஷெட்டு. போன் சார்ஜுல கெடந்துச்சு."

வாயில வந்ததெல்லாம் திட்டினேன். ஒருத்தன் சாகலாமா வேணாமான்னு வந்து நிக்கிறான், நீங்க போன சார்ஜுல போடுறீங்களான்னு. பஸ்ஸுக்கு நின்னவங்க வெலகி நின்னாங்க. அந்தாளு முழுசாக் கேட்டுட்டு, "சாப்பிட்டீங்களா?"ன்னாரு.

"இல்ல."

"மொதல்ல எதையாவது சாப்பிடுங்க. பசியோட இருந்தா அது இன்னும் இழுக்கும். அடுத்த வாரம் ஷெட்டுக்கு வாங்க, நேர்ல திட்டுங்க."

கட் பண்ணிட்டேன். அப்புறம் ரெண்டு இட்லி சாப்பிட்டேன். அதுவும் கோவமாத்தான்.

சித்திரை 16, செவ்வா

பொம்மை சுட்ட சூளையப் பிரிச்சோம். ஒடைசல் அதிகம் இல்ல. அப்படின்னா ஓனரு வேலைக்காரப் பசங்களுக்குக் காசு தருவாரு, பசங்க நேரா கடைக்குப் போவாங்க. எங்க கம்பெனியில இதான் பழக்கம். ஒருத்தன், "அண்ணே, ஒரு கட்டிங்?" இன்னொருத்தன், "டேய், அண்ணன் மேல பிராது இருக்குதுடா!" ஒரே சிரிப்பு.

ஆமா, இருக்குது. பொங்கல் முடிஞ்ச கையோட சுமதி கொளஞ்சியப்பர் முருகன் கோயில்ல என் பேருல பிராது கட்டினா. புருசன் குடிக்கிறான், நீதான் கேக்கணும் முருகான்னு பேப்பர்ல எழுதி, அங்க இருக்கற முனியப்பர் சூலத்துல. அதுக்குப் பயந்து விட்டேனா, ரத்தமா வாந்தி எடுத்ததுக்குப் பயந்து விட்டேனான்னு எனக்கே தெரியல. எதுவோ ஒண்ணு.

வூட்டுக்கு வந்தா சுமதி தம்பி ரமேசு உக்காந்திருக்கான். கையில அவன் பொண்ணு காதுகுத்துப் பத்திரிக்கை.

"மாமா, வர்ற வாரம் வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயி ராஜினாமா குடுத்துடலாம். அக்காகிட்ட பேசிட்டேன்."

கேட்டது நடந்துட்டா பிராத வாபஸ் வாங்கணும், அதுக்குப் பேருதான் ராஜினாமா.

"இப்ப என்னடா அவசரம்?"

"ஞாயித்துக்கெழம காதுகுத்து மாமா. கெடா வெட்டுறோம். பிராது இருக்கறப்ப நீங்க கையில கிளாஸ எடுத்தா சாமி குத்தம் ஆயிடும். நம்ம விசேசத்துல மாமா மட்டும் தனியா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

அட நாசமாப் போறவனே! நான் குடிக்கிறதுக்கு சாமிகிட்ட பர்மிசன் வாங்கப் போறானாம். அதுவும் பாசத்துல!

சுமதிக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியல. அவ மூஞ்சியில ஒரே சந்தோசம். "கொணமாயிடுச்சுங்க. கொணமானா ராஜினாமா குடுத்துடணும். அதான் சாமிக்கு மரியாதை."

"யாருக்குடி கொணமாச்சு?"ன்னு கத்திட்டேன். தட்டு பறந்துடுச்சு. குடிக்காமயே தட்ட எறியிறேன். அவ அழுதுக்கிட்டே சோத்தப் பொறுக்கினா. கூடப் பொறுக்கலாம்னு தோணிச்சு, ஆனா எந்திரிக்கல.

கேஸு என் மேல. வாபஸ் வாங்க என்னை யாரும் கேக்கல.

சித்திரை 21, ஞாயிறு

மழை, அஞ்சு நிமிசம். ஷெட்டு தெறந்திருந்துச்சு. அஞ்சாறு பேரு, பிளாஸ்டிக் சேரு, கிரீஸ் நாத்தம், டீ. கோவிந்தன் நெனச்சதைவிடக் குள்ளம்.

ஒவ்வொருத்தரா பேரச் சொல்லி, "நான் குடிகாரன்"னு சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறாங்க. வாத்தியாரு ஒருத்தரு அப்படித்தான் சொன்னாரு. கம்மாபுரத்து ஆளு ஒருத்தரு, நெலக்கரிச் சுரங்கத்துக்கு நெலத்தக் குடுத்த பணத்தப் பூரா குடிச்சே தீத்தவரு, அவரும். என் முறை வந்துச்சு. எனக்கு வாயில வரல. அதுக்குப் பதிலா ரமேச, ஓனர, வாட்ச்மேன, இவங்க டியூசன் சென்டர, எல்லாத்தையும் திட்டினேன். யாரும் குறுக்க பேசல. முடிச்சதும் மூச்சு வாங்குது.

"அவ்ளோதானா?"ன்னாரு கோவிந்தன்.

"இன்னும் இருக்குது."

"நல்லது. அப்ப அடுத்த வாரமும் வாங்க."

அடுத்த வாரம் காதுகுத்து.

சித்திரை 26, வெள்ளி

கோயில்ல கூட்டம். சுமதி பட்டுச்சேல. ரமேசு, அவன் பொண்டாட்டி, என் மாமியாரு, எல்லாரும் வேன்ல. மாமியாரு, "தங்கமான மருமவன்"ன்னு என் தலையத் தடவினாங்க. பத்திக்கிட்டு வந்துச்சு.

ராஜினாமா எழுதிக் குடுக்கற எடத்துல வரிசை. சுமதி பேப்பர நீட்டுறா. நான் அவ கையப் புடிச்சேன்.

"குடுக்காத."

"என்னங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இத வாபஸ் வாங்கினா ஞாயித்துக்கெழம நான் குடிப்பேன். உன் தம்பி ஊத்துவான், நான் குடிப்பேன். எனக்கு ஒண்ணும் கொணமாவல சுமதி. நான் குடிகாரன். இன்னைக்கும் குடிகாரன்தான்."

சத்தமாவே சொல்லிட்டேன். ஷெட்டுல வராதது இங்க வந்துச்சு, மாமியாரு முன்னாடி, வரிசை முன்னாடி. ரமேசு, "மாமா, மானத்த வாங்காதீங்க"ன்னு பல்லக் கடிச்சான். மாமியாரு தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க.

சுமதி என்னையே பாத்தா. அப்புறம் தம்பியத் திரும்பிப் பாத்தா. "ஊத்துவியா?"ன்னு ஒரே கேள்வி. அவன் வரிசைய விட்டு நகந்துட்டான்.

உள்ள இருந்தவரு, "என்னம்மா, ராஜினாமாவா இல்லையா? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"இல்லீங்க. பிராது இருக்கட்டும்."

வேன்ல ஏறல. டவுன் பஸ்ஸுல வந்தோம். வூட்டுக்கு வந்ததும், "மானம் போச்சு"ன்னா. அப்புறம் டீ போட்டா. சக்கரை தூக்கலா.

சித்திரை 28, ஞாயிறு

அனல் காத்து. பஸ்ஸுல எழுதுறேன். கையெழுத்து கேவலம்.

காதுகுத்துக்குப் போனோம். அத்தக்காரி சீர் வைக்காம இருக்க முடியாதாம். கறிச்சோறு. சாப்பிட்டதும் ரமேசு என் தோள்ல கை போட்டு, பந்தலுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனான். பத்துப் பேரு. எனக்குன்னு ஊத்தியே வச்சிருக்கான். "சாமி கோச்சுக்காது மாமா. பாவம் என்னோடது, நான் ஏத்துக்கறேன்."

வாசன வந்துச்சு. பொங்கலுக்கு அப்புறம் இவ்ளோ கிட்டத்துல இப்பதான். கை போச்சு. பொய் எழுத மாட்டேன், கை போச்சு. கிளாஸு சில்லுன்னு இருந்துச்சு.

பின்னாடி சுமதி. பட்டுச்சேல, கையில ஒயர் பை. தம்பியத் திட்டல, அழல, கிளாஸ புடுங்கல.

"என்னங்க, வேப்பூர் பஸ்ஸு எத்தன மணிக்கு?"

கிளாஸ கீழ வச்சேன். ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அவ மேலயும் கோவம், எதுக்குன்னு தெரியல. ஜன்னல் சீட்ட அவளே புடிச்சுக்கிட்டா, கேட்டா தனக்கு வாந்தி வரும்ங்கறா. ஷெட்டுல பொம்பளைங்கள விடுவாங்களான்னு நான் கோவிந்தனக் கேக்கவே இல்ல. விடலைன்னா இருக்குது அவருக்கு. பாலம் தெரியுது, எறங்கணும்.