வடிவம்மாவின் மூடாத வாய்

12.6.1961, திங்கள்

விடாத மழை. கடையில் அரிசி மூட்டை ஒன்றில் ஈரம் ஏறிவிட்டது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தையல்கடைச் செல்லசாமி ஓடிவந்தார். "மொதலாளி, வடிவம்மா போயிட்டாங்க!"

"எங்கே, ஹட்டனுக்கா?" என்று கேட்டேன். புத்தி கெட்டவன் நான்.

இருபத்தாறு வருடமாக வட்டவளையின் அரசாங்க மருத்துவச்சி. என் பிள்ளைகள் மூன்றும் அவர் கையில்தான் பிறந்தன. அவரிடம் திட்டு வாங்காத ஆம்பிளை இந்த ஊரில் இல்லை.

13.6.1961

அடக்கத்துக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாடை கடந்தபோது ஆம்பிளைகள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். நானும்தான். என் சட்டை கருகிவிட்டது.

17.6.1961

ஞாயிற்றுக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, இரங்கல் கூட்டம். செல்லசாமி தலைவர். நான் பேச வேண்டுமாம்.

"பூப்போன்ற மென்மையான குணம்" என்று எழுதி என் மனைவி றுக்கையாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். வேறென்ன எழுத?

19.6.1961

மாலை போட ஒரு படம்கூட இல்லை. கடைசியில் செல்லசாமியின் கல்யாணப் படத்தில் ஓரமாக அகப்பட்டார். நிறைமாதக்காரி ஒருத்தியை வெயிலில் நிற்கவைத்த படக்காரனை ஏசிக்கொண்டிருக்கிறார். விரல் மேலே, வாய் ஆவென்று.

"வாய மூடித்தர முடியுமான்னு கேப்போம்" என்றார் செல்லசாமி. வடிவம்மா உயிரோடு இருந்தவரை யாராலும் முடியாத காரியம்!

23.6.1961

ஹட்டன் ஸ்டூடியோக்காரன் பெரிதாக்கி, வாயை மூடி, புன்னகையும் வரைந்து கொடுத்தான். அழகாகத்தான் இருக்கிறது. யாரென்றுதான் தெரியவில்லை.

24.6.1961

பேச்சு ஒரு வரி ஓடவில்லை. "மூன்று பிரசவத்துக்கும் என்னை அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொல்லி விரட்டினாரே, அதைச் சொல்லட்டுமா?" என்றேன்.

றுக்கையா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அந்தத் தண்ணி எதுக்கெண்டு நெனச்சீங்க?"

"பிரசவத்துக்கு."

"ஒரு கேத்தல்தான் வேணும். மத்ததுல அவங்க தேத்தண்ணி ஊத்திக் குடிச்சாங்க. 'ஒம் புருசன் வெளிய அழுதுகிட்டு நிக்கிறான், வேல குடுக்காட்டி மயங்கி விழுந்துருவான்'னாங்க."

பதின்மூன்று வருடம்! பதின்மூன்று வருடமாக இவளும் சொல்லவில்லை.

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டாவது புள்ளைக்குக் கழுத்துல கொடி சுத்தி இருந்திச்சு. அப்ப மட்டும் அவங்க வாயே தொறக்கல்ல. புள்ள அழுத பொறகுதான் ஒங்கள ஏசத் தொடங்கினாங்க."

நான் அன்று கதவுக்கு வெளியே நின்று, என்ன வாயடா இந்தப் பொம்பிளைக்கு என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

25.6.1961, ஞாயிறு

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். படத்தின் துணியை விலக்கினோம். பின்வரிசையில் யாரோ, "இது யாரு, வடிவம்மா தங்கச்சியா?"

நான் எழுதியதை எல்லாம் விட்டுவிட்டுத் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பார்த்தால், ஆம்பிளைகள் ஒருவரையொருவர் முறைத்தார்கள். சோலைமலைக் கங்காணி எழுந்தார். "அப்ப நான் சொமந்த ஏழு வாளி?" அவ்வளவுதான், மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஒவ்வொருவரும் தன் கணக்கைக் கத்தினார்கள்.

அடங்கியதும், மேல் லயத்து மீனம்மா எழுந்து நின்றாள். கொழுந்து பறிக்கிற பெண். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"மூணு மைலு மழையில வந்தாங்க. வழி நெடுக அட்டையத் திட்டுறாங்க, ரோட்டத் திட்டுறாங்க, தொரையத் திட்டுறாங்க. அந்தச் சத்தம் மல வளைவுல கேட்டிச்சு. வந்துட்டாங்கன்னு எனக்குப் பாதி வலி போயிருச்சு."

செல்லசாமி எழுந்துபோய்ப் புன்னகைப் படத்தைக் கழற்றி, தன் கடையிலிருந்து கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். மாலையை அதற்குப் போட்டோம். மாலை, படத்தில் பக்கத்தில் நின்ற செல்லசாமியின் மாமியாருக்கும் சேர்த்து விழுந்தது. அந்த அம்மா முன்வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். பெரிய ரகளை.

9.10.1961, திங்கள்

புதிய மருத்துவச்சி ராசம்மா வந்து ஒரு மாதம். சின்னப் பெண், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. யார் மதிப்பார்கள் என்று கவலையாக இருந்தது.

இன்று கடை திறக்கும்போது ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சத்தம். நாலு ஆம்பிளைகள் பீடியை எறிந்துவிட்டு வாசலிலிருந்து ஓடிவந்தார்கள். பின்னாலேயே அந்தப் பெண், விரலை நீட்டிக்கொண்டு.

செல்லசாமி தையலை நிறுத்திவிட்டு அந்தத் திட்டைக் காதுகொடுத்துக் கேட்டார். நானும் கேட்டேன்.