ஒரே ஃபைலில் எல்லாம்

5 ஜூலை 1993, திங்கள்

படப்பை மருந்து மொத்தக் கடையிலிருந்து கேசவன் மறுபடி போன். "இன்னா மேடம், பேப்பர் தீந்தா பிரிண்டர் நிக்கும், நாயம். எட்டு டெர்மினலும் இன்னாத்துக்கு நிக்குது? பில்லுக்கு வந்தவன்லாம் என் மூஞ்சியப் பாத்துகினு கீறான்."

பிரிண்டரை அணைத்துப் போடச் சொன்னேன். ஓடியது.

காரணம் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் செருக நாங்கள் விற்கும் கார்டு ஒன்றிலேயே பில் போடும் டெர்மினல்கள், பிரிண்டர், டேப் எல்லாம் தொங்குகின்றன. அவற்றை யூனிக்ஸ் சிஸ்டத்தோடு பேசவைக்கும் டிரைவர் புரோகிராமும் ஒன்றுதான். ஒரே ஃபைல், ஐந்து வருடமாக நான் எழுதியது. அதற்குள் ஒரு ஃபிளாக், கொடி மாதிரி ஒரு அடையாளம். பிரிண்டர் காத்திருந்தால் அது ஏறும். அது இறங்கும்வரை டெர்மினல்களும் காத்திருக்கும். அவசரத்தில் அப்படி எழுதினேன். பிறகு தொடவில்லை.

மதியம் மீண்டும் ரத்தப்போக்கு. சேலை மாற்ற வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று.

8 ஜூலை

தாம்பரத்தில் டாக்டரம்மா. கட்டி பெரிதாகியிருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், ஆறு வாரம் ஓய்வு. "ரத்தம் இவ்ளோ கம்மியா இருக்கு. இன்னும் எதுக்குக் காத்திட்டிருக்கீங்க?" ஆபீஸில் என் வேலையைப் பார்க்க ஆளில்லை என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு பெருமை. பொய்யில்லை, இருந்தது.

9 ஜூலை

மேனேஜர் பட்டாபிராமன் லீவுக் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஆறு வாரமா? நடுவுல படப்பை நின்னா யார் பாப்பா? அந்த ஃபைலத் திறந்தாலே எனக்குத் தலை சுத்துது மேடம். தனித்தனியாப் பிரிச்சுக் குடுத்துட்டுப் போங்கோ, அருள்மேரி பாத்துப்பா."

வாதாடினேன். ஒரே ஃபைலுக்குள் ஒரு பகுதி இன்னொன்றை நேராகக் கூப்பிடும். பிரித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படி கூடுதல், வேகம் குறையும். எல்லாம் உண்மைதான். உண்மையை ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்?

11 ஜூலை

வீட்டில் இவர் கேட்டார்: "நாளைக்கு ஆபீஸா வந்து உன்னைத் தூக்கி உட்கார வைக்கும்?" கோவிலுக்குக் கிளம்பியிருந்தேன், போகவில்லை.

15 ஜூலை

பிரிக்க ஆரம்பித்தோம். அருள்மேரி என் கீழே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஃபைலை அவளுக்குக் காட்டியது இன்றுதான். நடுவில் ஒரு பொதுப் பகுதி: கார்டிலிருந்து வருவதை வாங்கி, யாருக்கானதோ அவர்களிடம் தள்ளிவிடும். டெர்மினல், பிரிண்டர், டேப் மூன்றும் தனித்தனி ஃபைல். ஒன்றின் உள் விவகாரம் இன்னொன்றுக்குத் தெரியக் கூடாது.

"எங்க ஹாஸ்டல் மாதிரிக்கா. வார்டனுக்குத் தெரியாம பக்கத்து ரூமுக்கு ஒரு சீப்புகூடப் போவாது" என்றாள். சிரித்தேன். சிரித்ததும் வயிறு இழுத்தது.

22 ஜூலை

பிரித்தவரை ஓட்டிப் பார்த்தோம். எட்டு டெர்மினலிலும் ஆளை உட்கார வைத்துத் தட்டச் சொன்னோம். யாருக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. என் வாதம் போயிற்று.

27 ஜூலை

எல்லாம் பிரித்தாகிவிட்டது. அந்த ஃபிளாக்கை மட்டும் பொதுப் பகுதியில் விட்டு வைத்தேன். பிரிண்டர் அதை ஏற்றும், டெர்மினல் அதைப் பார்க்கும். முன்பு போலவே. அருள்மேரியிடம் சொல்லவில்லை.

எடுக்க நேரமில்லையா? இருந்தது. பேப்பர் தீர்ந்தால் படப்பை நிற்கும், நின்றால் என்னைத்தான் கூப்பிடணும் — இதையா நினைச்சேன்? இவ்ளோ கேவலமாவா ஆயிட்டேன்?

2 ஆகஸ்ட்

நாளை அட்மிஷன்.

9 ஆகஸ்ட்

தையல் இழுக்கிறது. நர்ஸ் அறையில் போன் அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். எனக்கில்லை.

12 ஆகஸ்ட்

பட்டாபிராமன் சாத்துக்குடியோடு வந்தார். படப்பை எப்படி என்றேன். "அமோகமா ஓடறது. நீங்க அதெல்லாம் மறந்துட்டு ரெஸ்ட் எடுங்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

30 ஆகஸ்ட்

ஒரு மாதம் பேப்பர் தீராமலா இருக்கும்? நின்றிருக்கும். மருந்து வாங்க வந்தவங்க வெயில்ல நின்னிருப்பாங்க. அந்தப் பொண்ணு திட்டு வாங்கியிருக்கும். சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

மெல்ல நடந்து எதிர் வீட்டுக்குப் போய் ஆபீஸுக்கு போன் செய்தேன். அருள்மேரியின் குரல். ஹலோ, ஹலோ என்றாள். வைத்துவிட்டேன்.

"இன்னா, யாரும் எடுக்கலியா?" என்றார் அந்த வீட்டு காந்திமதி அக்கா.

"எடுக்கலைக்கா."

20 செப்டம்பர், திங்கள்

ஆபீஸ். எல்லோரும் எழுந்து வந்து விசாரித்தார்கள். என் நாற்காலிக்கு யாரோ தலையணை வாங்கிப் போட்டிருந்தார்கள்.

முதல் வேலையாகப் பொதுப் பகுதியைத் திறந்தேன். ஃபிளாக் இல்லை. பிரிண்டருக்கானதைத் தேக்கி வைக்கத் தனியாக ஒரு பஃபர், தனியாக ஒரு காத்திருப்பு. சுத்தமாக எழுதியிருந்தாள்.

"நீங்க லீவுல போன அந்த வாரமே படப்பை நின்னிச்சுக்கா. உங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்னு நானே உக்காந்து பாத்தேன். அந்த ஒண்ண எடுக்க மறந்துட்டீங்கபோல."

திரையைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

"ஆமா, மறந்துட்டேன்" என்றேன்.

அவள் எழுதிய காத்திருப்புப் பகுதியில் ஒரு இடம் எனக்குப் புரியவில்லை. கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னபோது புரிந்தது.

அடுத்த செவ்வாய் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். லீவு எழுதிக் கொடுத்தேன். பட்டாபிராமன் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.